என் முகம் போட்ட கட்டைப்பை

டயாலிசிஸ் முடிந்த மயக்கத்தில், என் முகம் இருந்த பையை என் பை என்று நினைத்து எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்? ஆனால் போன தீபாவளிக்கு என் மளிகைக் கடை வாடிக்கையாளர்களுக்கு ஐநூறு கட்டைப்பை கொடுத்திருந்தேன். பச்சை நிறம், நடுவில் கைகூப்பிச் சிரிக்கும் நான், கீழே ‘வேல்ராஜ் ஸ்டோர்ஸ்’. தூத்துக்குடியில் பாதிப் பேர் என்னைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

வீட்டு வாசலில் கார் நின்றதும் இட்லிப் பொட்டலத்தைத் தேடிக் கையை விட்டேன். ஒரு ஃபைல் வந்தது. பிறகு ஒரு பட்டன் போன். பிறகு ஒரு அரை லிட்டர் பாட்டில்.

ஃபைலில் இசக்கிச்செல்வியின் போட்டோ.

இசக்கி டயாலிசிஸில் எனக்குப் பக்கத்துக் கட்டில். முப்பத்திரண்டு வயது, உப்பளத்தில் வேலை. இன்று பன்னிரண்டு மணிக்குத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கமிட்டி. புருஷன் மாரிச்செல்வம் கொடுக்கும் சிறுநீரகத்தை அவளுக்கு வைக்கலாமா என்று அவர்கள் சொல்ல வேண்டும். அசல் சான்றிதழ் எல்லாம் இந்த ஃபைலில். இன்று தவறினால் அடுத்த கூட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. காலையில்தான் சொன்னாள், புருஷன் முன்னாலேயே போய்விட்டான், நான் பத்து மணி பஸ்ஸில் போகிறேன் என்று.

மணி பத்தே கால்.

“ஏலே பாண்டித்துரை, வண்டியத் திருப்பு. திருநவேலி பஸ்ஸப் பிடிக்கணும்.”

“அண்ணாச்சி, நீங்க படுக்கணும்லா.”

“நான் படுத்தா அவ படுத்துருவா. திருப்புலே.”

பாண்டித்துரை ஆறு வருடமாக என் டிரைவர். நாற்பதைத் தாண்டி ஓட்டினால் நான் திட்டுவேன். அன்று வாகைக்குளம் தாண்டும்போது முள் நூறில் நின்றது. நான் “இன்னும், இன்னும்” என்று முன்சீட்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டு வயதில், ஊசி குத்திய கையில் கட்டோடு, குதிரைப் பந்தயம் பார்ப்பவன் மாதிரி இருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ரொம்பப் பிடித்திருந்தது.

மடியில் அந்தப் பாட்டில் உருண்டது. அதன் மேல் பேனாவால் நான்கு கோடு. எட்டு மணி, பதினொன்று, இரண்டு, ஐந்து. எங்கள் வியாதிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு உண்டு. நான் அந்த அளவை ஏசிக்குக் கீழே உட்கார்ந்து காப்பாற்றிவிட்டு, அவளுக்கு உபதேசம் செய்வேன். “மனக்கட்டுப்பாடு வேணும்ளா. என்னையப் பாரு.” அவள் வெயிலில் நின்று உப்பு வாருகிறவள். “சரி அண்ணாச்சி” என்பாள்.

வாரம் மூன்று டயாலிசிஸ் என்றுதான் இருவருக்கும் எழுதியிருந்தது. நான் மூன்றுக்கும் போவேன். அவள் இரண்டுக்குத்தான் வருவாள். மூன்றாவது நாளும் லீவு போட்டால் உப்பளத்தில் வேறு ஆள் எடுத்துவிடுவார்கள். அதற்கும் நான் ஒரு உபதேசம் வைத்திருந்தேன். உபதேசம் தீர்ந்துபோனால், என் நோய்க்காக மாடியில் கட்டிய அறையைப் பற்றி அளப்பேன். டைல்ஸ், ஏசி, ஒட்டின பாத்ரூம். டிவி ஹாலில் இருப்பதால் நான் ஹாலிலேயே தூங்குகிறேன் என்பதையும் சொல்லிச் சிரிப்பேன். எட்டு மாதமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வல்லநாடு நெருங்கும்போது பஸ் தெரிந்தது. பாண்டித்துரை அதன் பக்கவாட்டிலேயே ஓட்டினான். நான் ஜன்னலுக்கு வெளியே பையை நீட்டி ஆட்டினேன். பஸ் டிரைவர் சிரித்துக்கொண்டே கையாட்டினார். விளம்பரம் என்று நினைத்துவிட்டார்.

கடைசியில் ஊர் நிறுத்தத்தில் முன்னால் போய்க் குறுக்கே நிறுத்தினோம். நான் மூச்சு வாங்க ஏறினேன். கண்டக்டர் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“போட்டோல முடி ஜாஸ்தியால்லா இருக்கு, அண்ணாச்சி.”

பஸ்ஸே சிரித்தது. மூன்றாவது வரிசையில் என் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த இசக்கி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து பையைத் திறந்தாள். என் கம்பளியையும் இட்லியையும் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“எங்கிட்ட இருக்குளா. எறங்கு, கார்ல போவோம்.”

காரில் ஏறியதும் ஃபைலை ஒவ்வொரு தாளாக எண்ணினாள். எல்லாம் இருந்தது. எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது. “பதினொன்னரைக்கு உள்ள இருப்போம்” என்றான் பாண்டித்துரை.

அப்போதுதான் அவள் விரல் நின்ற தாளைப் பார்த்தேன். ‘அறுவைக்குப் பின் இரண்டு மாதம் நோயாளி தங்கும் தனி அறை, தனிக் கழிப்பறை: முகவரி.’ எதிரே காலி.

“இது என்ன எழுதாம கெடக்கு?”

“பாத்துக்கிடலாம் அண்ணாச்சி.”

“அது இல்லாம ஒத்துக்கிடுவாங்களா?”

“போன தடவ அதுக்குத்தான் திருப்பி அனுப்புனாங்க.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் வீடு ஒற்றை அறை, ஐந்து பேர். கழிப்பறை தெருவுக்கே பொது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் டைல்ஸ் பற்றிப் பேசியிருக்கிறேன்.

இவ்வளவு தூரம் துரத்தி வந்தது பாதித் தாளைக் கொடுக்கத்தானா?

“ஒனக்கு என்ன வேணும்னு எட்டு மாசமா கேக்கேன். ஒன்னும் வேண்டாம், ஒன்னும் வேண்டாம்னே சொல்லுத. இன்னைக்காவது மொகத்துக்கு நேரா சொல்லு.”

“சொன்னா ஒங்களுக்குச் சங்கடம்.”

“நான் பட்ட சங்கடத்த ஒரு பஸ்ஸே பாத்துச்சு. சொல்லுளா.”

அவள் என் பக்கம் திரும்பினாள். பாண்டித்துரை, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவிப் பின்னால் நீட்டினான். அவள் வாங்கி மூடியைக் கழற்றினாள்.

“ஒங்க மாடி ரூம் எனக்கு ரெண்டு மாசம் வேணும் அண்ணாச்சி. வாடகை தர ஏலாது. ஏசியும் வேண்டாம். கதவு நம்பர் மட்டும் சொல்லுங்க.”