மயில்கழுத்துக் கையெழுத்து

பள்ளித் தாளாளர் அன்புச்செல்வன் அவர்களுக்குக் 'கல்விச் செம்மல்' பட்டம் வழங்குவதென்று, அன்புச்செல்வன் அவர்களே தலைமை வகித்த குழு ஒருமனதாக முடிவு செய்தது. விழா வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. மேடை, ஆளுயரப் பதாகை, மயில்கழுத்து நிறத்தில் பட்டு அங்கவஸ்திரம், எல்லாம் தயார். அங்கவஸ்திரத்துக்குப் பொருத்தமான பேனா மட்டும்தான் பாக்கி.

செவ்வாய்க்கிழமை திரிசலாவைக் கூப்பிட்டனுப்பினார். அவள் அந்தப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் ஐந்து வருடமாகத் தற்காலிக உதவியாளர். வீட்டில் ஒரு சின்னக் கடைசல் இயந்திரம் வைத்துக்கொண்டு மரப் பேனாவும் செய்வாள்.

"துண்டையும் பேனாவையும் பக்கத்துல வச்சா, எது துண்டு எது பேனான்னு தெரியக் கூடாது, புரியுதாம்மா?" என்றார்.

ஒரு கல்விச் செம்மலுக்கு அந்தச் சந்தேகம் வரலாமா என்று அவள் கேட்கவில்லை. கேட்கும் நிலைமையில் இல்லை. அவர் மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் காட்டிய தாளில் அவள் பெயர் இருந்தது.

"உன் பர்மனென்ட் ஆர்டர். டைப் ஆயிட்ச்சி. அந்தப் பேனாவால போடுற மொத கையெழுத்து இதுலதான். மேடையிலயே."

"பேனா சரியா வரலன்னா, ஐயா?"

"வராம எப்படி?" என்று சிரித்துக்கொண்டே டிராயரைப் பூட்டினார். அந்தப் பூட்டுச் சத்தம் அவளோடு வீடு வரை வந்தது.

அவளிடம் இருந்தது தேவிகாபுரத்திலிருந்து வந்த மாமரத் துண்டு ஒன்று. அலை அலையாக வரியோடியது. இரண்டு பேனாவுக்குத்தான் வரும். மாமரத்தின் பழுப்பின் மேல் நீலத்தை ஊற்றினால் குட்டைத் தண்ணீர் நிறம் வரும். அதனால் முதலில் மரத்தை வெளுக்க வேண்டும். அதை இரண்டாக அறுத்துக் கடைந்து, காஸ்டிக் சோடாக் கரைசலைத் தடவி, அதன் மேல் பெராக்சைடைத் தடவினாள். மரம் நுரைத்துக்கொண்டு வெளுத்தது. புதன்கிழமை மாலைக்குள் இரண்டும் தேங்காய்க் கீற்றுப் போல ஆகிவிட்டன.

வியாழன் காலை சாயப்பட்டறை பாலுவிடம் போனாள்.

"அண்ணே, மயில்கழுத்துப் பவுடர் ஒரு பத்து கிராம் குடுங்க."

பாலு நூல் கழியைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார். "இன்னாது? இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னாள். அவர் உள்ளே பார்த்து, "டேய், மயில்கழுத்துப் பவுடர் வேணுமாம், வந்து பாருங்கடா!" என்று கத்தினார்.

திரிசலா திருமலைப் பக்கத்துச் சமணக் குடும்பம். பூச்சியைக் கொதிநீரில் போட்டு எடுக்கிற நூல் என்பதால் அவர்கள் வீட்டில் பட்டு கட்டுவதில்லை. ஊரெல்லாம் தறிச் சத்தம் கேட்டும், பட்டுப் புடவையை அவள் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறாள்.

"அது சாயமே இல்லம்மா," என்றார் பாலு. "நீட்டா ஓடற பாவு நூலு நீலம், குறுக்கால போற ஊடை பச்சை. ரெண்டும் சேர்ந்து மின்னுதே, அதாம்மா மயில்கழுத்து. உன் கட்டையில பாவு எங்க, ஊடை எங்க?"

விழா நாளை காலை பத்து மணிக்கு.

"கட்டையில வரி இருக்குதுண்ணே," என்றாள் மெதுவாக. "நீலத்தையும் பச்சையையும் தனித்தனியா குடுங்க."

"குடுக்கறேன். ஜல்தியா போ. வரலன்னா எம்பேரச் சொல்லிடாத."

வீட்டுக்கு ஓடிவந்து முதல் துண்டுக்கு நீலம் போட்டாள். அரைமணி நேரத்தில் நீலத்தின் நடுவே தேமல் போல வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். அவசரத்தில் சரியாகக் கழுவாததால், வெளுப்பு மருந்து மரத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு சாயத்தைத் தின்றிருந்தது. ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு, "நல்லாக் கழுவுங்க, கழுவுங்க" என்று ஐந்து வருடமாகச் சொல்லிவந்தவள் அவள்தான்.

மிச்சம் ஒரே துண்டு. அதைத் தண்ணீரில் நான்கு முறை, வினிகரில் ஒரு முறை, மறுபடி தண்ணீரில் என்று கழுவினாள். காய வைத்தாள். காய்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். மூன்று மணிக்கு மேல்தான் நீலம் போட முடிந்தது. உப்புத்தாளால் மேலாகத் தேய்த்ததும், வரிகளுக்குள் இறங்கிய நீலம் நின்றது, மற்ற இடம் வெளுத்தது. அதன் மேல் பச்சை. ஜன்னலோரம் வைத்துத் திருப்பினாள். பச்சை, நீலம், மறுபடி பச்சை. மயில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.

ஆனால் வார்னிஷ் ஆறு பூச்சு வேண்டும். இரண்டுக்குத்தான் நேரமிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குப் பேனாவை நீட்டினாள். "ஐயா, ரெண்டு நாளைக்கு ரொம்ப நேரம் கையில புடிக்காதீங்க. ஈரம் பட்டா…"

"பேனாவைக் கையில புடிக்காம கால்லயா புடிப்பாங்க?"

சுற்றி நின்ற ஆசிரியர்கள் சம்பளத்துக்கேற்ற அளவில் சிரித்தார்கள்.

விசிறிக் காற்றில் அங்கவஸ்திரம் நழுவுகிறது என்று மேடை விசிறியை நிறுத்தச் சொல்லியிருந்தார். பேனாவை உயர்த்திப் பிடித்தபடி ஏற்புரையைத் தொடங்கினார். "இந்த மயில்கழுத்துப் பேனா என் சிந்தனையில் உதித்தது!" என்றார். கைதட்டல். திரிசலா கைதட்டவில்லை. அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையில் அவளுடைய ஆர்டர், அதன் மேல் கண்ணாடிக் குண்டு.

பத்தாவது நிமிடம் விரல் நுனி பச்சையானது. பதினைந்தாவது நிமிடம் நீலமும் சேர்ந்துகொண்டது. கையைக் குனிந்து பார்த்தாரென்றால் ஆர்டர் திரும்ப டிராயருக்குள் போய்விடும். 'பார்க்காதீங்க ஐயா, மேலயே பாருங்க' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். வேண்டுதலே தேவைப்படவில்லை. மேடையில் அவர் கீழே பார்க்கிற வழக்கமில்லை.

இருபதாவது நிமிடம் வியர்வையைக் கட்டைவிரலால் வழித்தார். நெற்றியில் நட்ட நடுவே ஒரு மயில்கழுத்துக் கோடு விழுந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்தினார்கள். நகைச்சுவை எடுபடுகிறதென்று அவர் இன்னொரு பத்து நிமிடம் சேர்த்துக்கொண்டார். எழுந்து சொல்லி இழப்பதற்கு நூற்றிருபது ஊழியர்களில் ஒருவருக்கும் வேலை மிச்சமாக இல்லை.

நாற்பதாவது நிமிடம் உட்கார்ந்தார். தாள் நகராமலிருக்க இடது கை போதாதென்று வலது கட்டைவிரலையும் ஒருமுறை ஊன்றி அழுத்தினார். பிறகு புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தபடியே கையெழுத்திட்டார். தாளைப் பார்க்காமலே நீட்டினார்.

திரிசலா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். எழுத்தர் சூர்யகலா தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். நீண்ட ஆங்கிலக் கையெழுத்துக்குப் பக்கத்தில், ரேகை ரேகையாக, பச்சையும் நீலமுமாக ஒரு கட்டைவிரல்.

"இன்னா திரிசலா இது? கையெழுத்தும் கீது, கைநாட்டும் கீது?"

"செல்லாதாக்கா?" என்று கேட்டாள்.

"செல்லாதா? கையெழுத்த நாளைக்கே என்னுது இல்லன்னு சொல்லிடுவாரு, நான் பார்த்துகினுதானே இருக்கேன். இந்த ரேகைய எப்படி இல்லன்னு சொல்லுவாரு?" என்று முத்திரையை ஓங்கினாள்.

"மெதுவாக்கா," என்றாள் திரிசலா. "இன்னும் காயல."