பின் சக்கரத்துக்குப் பாரம்

ஐரீன் சாப்பாட்டுக் கேரியரோடு மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்தபோது அவள் புருஷன் லூயிஸ் தரையில் உட்கார்ந்திருந்தான். வலது கையை இடது கையால் இறுகப் பிடித்து நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தான். காரின் பானெட் திறந்திருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. விசிறியில் சிக்கிய துணிக் கிழிசல் ஒன்று விடாமல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"என்ஜின ஆஃப் பண்ணு," என்றான். முதலில் அதைத்தான் சொன்னான்.

அவள் சாவியைத் திருப்பிவிட்டு வந்து கையைப் பார்த்தாள். சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் விரல் மாதிரியே இல்லை. கேரியரில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து, பார்க்காமலே இறுக்கிக் கட்டினாள். கட்டி முடிப்பதற்குள் துண்டு சிவந்துவிட்டது.

"இன்னாய்யா பண்ண?"

"துணி மாட்டிக்கிச்சு. இழுக்கப் போனேன்."

அது எழுபத்திரண்டாம் வருஷத்து நவம்பர். எண்ணூரில் ஒரு கம்பெனியில் என்ஜினீயராக இருந்த கிருஷ்ணப்பன், இங்கிலாந்திலிருந்து வந்த பச்சை நிற ரேஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தார். இரண்டே சீட்டு, துணிக்கூரை, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் உடம்பு. வருஷம் பிறந்ததும் சோழவரத்தில் நடக்கும் பந்தயத்துக்கு அதைத் தயார் செய்யும் வேலை லூயிஸுக்கு. கிருஷ்ணப்பன் பெங்களூர் போயிருந்தார். ஊரெல்லாம் வெள்ளம். கம்பெனி கேட்டில் இருந்த டெலிபோன் முந்தின நாளே செத்துவிட்டது. காலையிலிருந்து டிப்போவை விட்டு ஒரு பஸ்ஸும் கிளம்பவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி தெற்கே தொலைவில், ராயபுரத்துப் பக்கம். ஐரீன் பச்சைக் காரைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை லூயிஸ் பார்த்தான்.

"அது மட்டும் வாணாம்."

"வேற இன்னா கீது இங்க?"

"மழைல அத்த நானே எடுக்க மாட்டேன், ஐரீன். பவரு பூரா பின் சக்கரத்துக்குப் போவுது. பின்னாடி வெயிட்டே கெடயாது. கொஞ்சம் அழுத்தினா வாலு முன்னாடி வந்துரும்."

"அப்ப நீ ஒத்தக் கையால ஓட்டு."

அவள் பானெட்டை மூடி, அவனைத் தூக்கி இடது சீட்டில் உட்காரவைத்தாள்.

ஐரீனுக்கு வண்டி ஓட்டத் தெரியும். அவளுடைய அப்பா பாஸ்கல் ராயபுரத்தில் ரொட்டி வேன் வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் காலை வேளைகளில் அவள்தான் அதை காசிமேடு வரை ஓட்டிப்போய்க் கடைகளுக்கு ரொட்டி போட்டுவிட்டு வருவாள். லைசென்ஸும் இருந்தது. தோஸ்துகளிடம் லூயிஸ் இதைப் பெருமையாகச் சொல்வான். ஆனால் ஷெட்டில் வரும் எந்த வண்டியின் சாவியையும் அவளிடம் கொடுத்ததில்லை. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

சீட்டு ஆழமாக இருந்தது. பானெட்டுக்கு அப்பால் ரோடு தெரிய அவள் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. முதல் கியரில் போட்டு கிளட்ச்சை விட்டாள். பின்னால் இரண்டு சக்கரமும் கிர்ரென்று சுழன்று ஷெட் கதவெல்லாம் சேற்றை வாரி அடித்தன. கார் முன்னால் போகாமல் பக்கவாட்டில் நெளிந்தது.

"காலை எடு. ரெண்டுல போடு. முட்டைய மிதிக்கிற மாதிரி மிதி."

இரண்டாவது கியரில் கார் முனகிக்கொண்டே நகர்ந்தது.

கடலோர ரோட்டுக்கு வந்ததும் காற்று இடது பக்கத்திலிருந்து அறைந்தது. துணிக்கூரையின் ஓரத்தில் தண்ணீர் சொட்டி அவள் மடியில் விழுந்தது. வைப்பர் இரண்டும் விரல் நீளம்தான். துடைத்த இடம் மறுபடி நனைவதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். லாரிகள் சிந்திய எண்ணெய் மழைத் தண்ணீரில் மிதந்து ரோடு முழுக்க நிறம் காட்டியது.

"அந்தக் கலர் மேல போவாத," என்றான் லூயிஸ். "பிரேக்கு வாணாம். கியரக் கொறச்சி ஸ்லோ பண்ணு."

"சரி."

"ஸ்டியரிங்க அவ்ளோ இறுக்கிப் புடிக்காத."

"சரிய்யா."

மீனவர் குப்பம் ஒன்றைத் தாண்டும் வளைவில், எதிரே வந்த லாரி ஒன்று பள்ளத்துக்குப் பயந்து அவள் பக்கமாக ஒதுங்கியது. அவள் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. அவன் "வாணாம்" என்று கத்தினான். ஆனால் கார் அதற்கு முன்பே அவள் கையை விட்டுப் போய்விட்டது. லாரி தெரிந்தது, குடிசைகள் தெரிந்தன, கடல் தெரிந்தது, மறுபடி குடிசைகள். மட்கார்டு எதிலோ தட்டென்று இடித்து நின்றபோது காரின் மூக்கு, வந்த வழியே எண்ணூரைப் பார்த்திருந்தது. பின் சக்கரங்கள் ரோட்டோர மணலில் புதைந்திருந்தன. லாரி நிற்காமல் போய்விட்டது.

லூயிஸ் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். "அடி பட்டுச்சா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினான்.

கட்டுமரங்களை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவர் சிலுவைமுத்து. ஐம்பது வயதுக்காரர், மாடு மாதிரி உடம்பு. உள்ளே குனிந்து ரத்தத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, எங்க போவணும்?"

"பெரியாஸ்பத்திரிக்குணா."

அவர் மற்றவர்களைக் கை காட்டி அழைத்தார். ஏழெட்டுப் பேர் சேர்ந்து காரின் பின்பக்கத்தைத் தூக்கி, தெற்கே பார்க்கத் திருப்பி ரோட்டில் வைத்தார்கள். அவ்வளவு சுலபமாக அவர்கள் அதைத் தூக்கியதை ஐரீன் பார்த்தாள். அப்போதுதான் ரொட்டி வேன் ஞாபகம் வந்தது. ரொட்டி நிறைய இருக்கும்போது மழையில் ஒழுங்காகப் போகும். எல்லாம் போட்டுவிட்டு காலியாகத் திரும்பும்போதுதான் ஆட்டம் காட்டும்.

"அண்ணே, இது பின்னாடி கனமா எதனா வெக்கணும். கனம் இல்லாமத்தான் வழுக்குது."

லூயிஸ் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். "அது சரிதான்," என்றான் மெதுவாக.

மணல் மூட்டை கட்ட அங்கே சாக்கு இல்லை. சிலுவைமுத்து சுற்றிலும் பார்த்தார். தன் வலையைக் கொண்டுவரச் சொன்னார். மழையில் ஊறிய வலை, இரண்டு பேர் சுமந்து வந்தார்கள். அதை டிக்கிக்குள் திணித்தார்கள். மூடி சாத்தவில்லை, கயிறு போட்டுக் கட்டினார்கள். பிறகு அவரே டிக்கி மேல் ஏறி, சாமான் கட்டும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கார் பின்னால் தணிந்தது.

"போ தங்கச்சி. நான் கீறேன்."

கார் இப்போது வேறு மாதிரி நகர்ந்தது. சக்கரம் ரோட்டைப் பற்றுவது அவளுக்கு சீட்டின் வழியே தெரிந்தது. ஆனாலும் பயம் குறையவில்லை. முன்பு உள்ளே இரண்டு உயிர், இப்போது மூன்றாவது ஒன்று வெளியே மழையில் வெறும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

திருவொற்றியூர் நெருங்கும்போது லூயிஸ் பேசுவதை நிறுத்தினான். முதலில் அது நல்லது என்று நினைத்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். தலை கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"யோவ், பேசுய்யா. இப்ப எந்த கியரு?"

"பத்தொம்பது சைஸ் ஸ்பேனரு எடு," என்றான் அவன்.

"லூயிஸு!"

"கீழ ஒழுவுது பாரு. எடு சீக்கிரம்."

அவளுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுக்கவும் பயமாக இருந்தது. மாதாவே, மாதாவே என்று வாய் முணுமுணுத்தது. இதுவரை அவன் சொன்னதைக் கேட்டுக் கேட்டு ஓட்டியிருந்தாள். இனி சொல்ல ஆள் இல்லை.

ரோட்டின் குறுக்கே கம்பெனி ஒன்றுக்குப் போகும் சரக்கு ரயில் தண்டவாளம் கிடந்தது. தண்ணீர் மூடியிருந்ததால் கிட்டே வந்த பிறகுதான் பார்த்தாள். முன் சக்கரங்கள் தாண்டின. பின் சக்கரம் ஈர இரும்பில் ஏறியதும் வால் இடது பக்கம், கடலை நோக்கி நழுவியது. பின்னாலிருந்து சிலுவைமுத்துவின் குரல் ஏதோ சொல்லிற்று. ஐரீனின் வலது கால் பிரேக்குக்கு மேலே போய் நின்றது. மிதிக்கவில்லை. வால் போகிற பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பினாள். தப்பான பக்கம் திருப்புகிற மாதிரிதான் இருந்தது. நேரே கடலுக்குள் போகப்போகிறோம் என்று நினைத்தாள். கார் ஒரு நொடி யோசித்தது போல மிதந்தது. பிறகு பின்பக்கம் ரோட்டுக்குள் வந்தது. ஸ்டியரிங்கை மெல்லத் திரும்பக் கொண்டுவந்தாள். ரோடு மறுபடி அவளுக்கு முன்னால் இருந்தது.

கூரையில் தட்டும் சத்தம் கேட்டது.

"கீறியாணா?" என்று கத்தினாள்.

"கீறேன், கீறேன். நீ முன்னாடி பாத்துகினு போ."

காசிமேட்டில் தண்ணீர் முழங்கால் வரை நின்றது. நின்றால் என்ஜினுக்குள் தண்ணீர் ஏறிவிடும் என்று நிற்காமல் ஓட்டினாள். வழியில் நின்றவர்கள், காரின் முதுகில் நனைந்துகொண்டு வரும் தடித்த மனிதரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தியதும் அவர்தான் லூயிஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். ஐரீன் சாவியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஐரீனும் அவரும் உட்கார்ந்திருந்தார்கள். சிலுவைமுத்துவின் உள்ளங்கைகளில் கம்பி அழுந்திய தடம் நீலமாக இருந்தது.

"புயல்ல கடலுக்குப் போயிக்கீறேன் தங்கச்சி," என்றார். "இன்னிக்கி மாதிரி பயந்ததே இல்ல. தண்டவாளத்தாண்ட குதிச்சிரலாம்னு பாத்தேன்."

"குதிச்சிருக்கலாமேணா."

"குதிச்சா கனம் கொறஞ்சிருமே."

லூயிஸ் பிழைத்தான். இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். ரத்தம் நிறையப் போய்விட்டது, இன்னும் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். பெங்களூரிலிருந்து திரும்பிய கிருஷ்ணப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்து நசுங்கிய மட்கார்டைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. கட்டிலருகே வந்தபோது அதைப் பற்றிப் பேசவில்லை. "ரேஸ் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் லூயிஸ்," என்றார். பிறகு, காரை ஷெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், தனக்கு ஷிஃப்ட் இருக்கிறது, யாரையாவது அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"அவ எடுத்துகினு வருவா சார்," என்றான் லூயிஸ். ஐரீன் அவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

லூயிஸை வீட்டுக்கு அனுப்பிய அன்றும் மழை பெய்தது. சிலுவைமுத்து முன்பே வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார், பின்னால் உட்கார ஆள் இல்லை. ஐரீன் டிக்கியில் இரண்டு மூட்டை ஆற்று மணலை ஏற்றினாள். தண்டவாளத்தை ஊர்ந்து தாண்டினாள். குப்பத்து வளைவில் அவள் போன வேகத்துக்கு, பின்னால் வந்த சைக்கிள்காரன் மணியடித்து வழி கேட்டான். லூயிஸ் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, நல்ல கையால் கதவுப் பிடியைப் பிடித்திருந்தான். இரண்டு மூன்று தடவை அவன் வாய் திறந்ததை அவள் கடைக்கண்ணால் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மூடிக்கொண்டான்.

ஷெட்டில் நிறுத்திச் சாவியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"உன்னாண்டயே இருக்கட்டும்," என்றான். "கை ஆர்ற வரைக்கும்."

கொஞ்சம் கழித்து, "அப்புறமும்தான்," என்றான்.