ஒரு கைப்பிடி கொத்தமல்லி

நிறுத்து என்று சொன்னேனா, குறைத்துக்கொள் என்று சொன்னேனா, இப்போது யோசித்தால் உறுதியாகத் தெரியவில்லை. அண்ணன் வீட்டுச் சமையலறையில் ஈரக் கையோடு நின்று சொன்னேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ஜன்னலோரத்தில் மூன்று தொட்டிகள். அண்ணி விதைத்த கொத்தமல்லி. அவர் இறந்த பிறகு, முற்றிய விதையை எடுத்து அண்ணனே மறுபடி மறுபடி விதைத்தார். காலையில் ஒரு கைப்பிடி கிள்ளி அரைத்து, வடிகட்டி, நின்றபடியே குடிப்பார். செரிமானத்துக்கு நல்லது என்று அண்ணி தொடங்கிவைத்த பழக்கம். இரண்டு தம்ளர் எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் இதயத்தில் செயற்கை வால்வு. ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. பன்னிரண்டு வருடமாக மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக்கொடுப்பவள் நான். பச்சை இலைகள் அந்த மாத்திரையை மட்டுப்படுத்தும் என்று தெரியும். தெரிந்தது அவ்வளவுதான்.

“இதை இப்படிக் குடிச்சா மாத்திரை எப்படிண்ணா வேலை செய்யும்?”

“மருந்துக்கடைக்காரி சொல்லிட்டா அப்பீல் ஏது?” என்று சிரித்தார். மறுநாளே விட்டுவிட்டார்.

மூன்றாவது வாரம் பல் தேய்க்கும்போது வந்த ரத்தம் நிற்கவில்லை. முழங்கையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு திட்டு. அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டார். “சாப்பாட்டுல எதையாவது புதுசா சேர்த்தீங்களா, விட்டீங்களா?”

அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. “ஒண்ணுமில்லைங்க டாக்டர்.”

என்னைக் காப்பாற்றுகிறார் என்று புரிந்தது. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதையும் மறைக்க முடியாது.

“தினம் கொத்தமல்லிச் சாறு குடிச்சிட்டிருந்தார். நான்தான் நிறுத்தச் சொன்னேன்.”

டாக்டர் பேனாவை மூடினார். “அந்தச் சாறுக்கு ஈடு கட்டத்தான், ரத்த டெஸ்ட்டைப் பார்த்துப் பார்த்து மாத்திரையைக் கூட்டிக்கிட்டே வந்திருக்கோம், எங்களுக்கே தெரியாம. சாறை விட்டதும் மாத்திரை அதிகமாயிடுச்சு. குடிச்சா தினமும் ஒரே அளவு. மாத்துறதா இருந்தா எங்ககிட்ட சொல்லிட்டு மாத்துங்க.”

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அழைத்துவந்தேன். வண்டியில் கேட்டேன். “ஏண்ணா பொய் சொன்னீங்க?”

“உன் வேலைக்கு எதுவும் வந்துடக் கூடாதுல்ல.”

நான்கு சிக்னல் தாண்டினோம். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். “அந்த மூணு வாரமும் காலையில எந்திரிச்சு என்ன செய்யறதுன்னே தெரியலம்மா.”

அண்ணன் நன்றாக இருக்கிறார். டாக்டர் சொன்னபடி தினமும் அரைத் தம்ளர், சந்தையில் வாங்கிய கொத்தமல்லியில். மாத்திரையை இப்போது வேறு கடையில் வாங்குகிறார், பக்கத்தில் இருக்கிறது என்கிறார். நான் அதே கடையில்தான் இருக்கிறேன். மூன்று தொட்டிகளில் இரண்டு அப்போதே காய்ந்துவிட்டன. மூன்றாவது வெள்ளையாகப் பூத்திருக்கிறது.