வாசல் கம்பியில் ஒரு சில்லு

அந்தக் கண்ணாடிக் கிடங்கில் அவளைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். வீடுகளிலிருந்து வரும் ஜாம் பாட்டிலும் மருந்து பாட்டிலும் பெல்ட்டில் ஓடும். நடுவே ஒரு பீங்கான் துண்டு வந்தால் அடுத்தவர் பார்ப்பதற்குள் அவள் எடுத்து வீசியிருப்பாள். கண்ணாடியை எத்தனை தரம் உருக்கினாலும் மறுபடி பாட்டிலாகிவிடும். பீங்கான் அப்படியா? உலைக்குப் போனாலும் உருகாமல் புது பாட்டிலுக்குள் கல்லாக உட்கார்ந்து, ஒருநாள் யார் கையிலோ வெடிக்கும். பதினோரு வருஷத்தில் அவள் ஒன்றைக்கூட விட்டதில்லை.

அவள் தலையில்தான் பழியைக் கட்டினார்கள், பாவிகள். நொறுக்கிய கண்ணாடி ஒரு லோடு உலைக்காரர்களிடமிருந்து திரும்பி வந்தது. உள்ளே நகம் அளவுக்கு ஒரு பீங்கான் சில்லு, ஓரத்தில் நீலக் கோடு. "கழுகுக்குக் கண்ணு போச்சு," என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சிரித்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தவறவிட்டவர் பெயரை ஒரு பாட்டிலில் எழுதி, சில்லை அதில் போட்டு, வாசல் கம்பியில் தொங்கவிடுவார்கள். அடுத்த ஆள் மாட்டும்வரை அது இறங்காது. எட்டு மாசம் தொங்கியது. எடை மேடையில் வேலை பார்க்கும் அவள் மகள் தினமும் அதன் கீழே தலையைக் குனிந்துகொண்டு போனாள். அதுதான் கழுகுக்கு ஆறவே இல்லை.

அவளைப் பின்பக்கக் கழிவு மேட்டுக்குத் தள்ளினார்கள். உடைந்த தட்டும் பல்பும் கல்லும் கொட்டுகிற இடம். கிளறிக்கொண்டே இருந்தவள் ஒருநாள் அரைக் கப்பு ஒன்றை எடுத்தாள். விளிம்பில் நீலக் கோடு. துடைத்தாள். ஒரு படம்: ஒரு காது, பாதி மீசை, கீழே 'அப்பா' என்ற எழுத்து.

அந்த மீசையைத் தெரியாதவர் யார்? சூப்பர்வைசரின் மகள் அவன் படத்தைப் போட்டுக் கொடுத்த கப்பு. பெல்ட்டைத் தாண்டிக் கப்பு, தட்டு எதுவும் போகக் கூடாதென்று ஊருக்கெல்லாம் சட்டம் பேசுவான். அவன் மட்டும் அதில் காபி ஊற்றிக்கொண்டு நொறுக்கிய குவியல் வரை உலாத்துவான். லோடு திரும்பி வந்த வாரம் ஸ்டீல் டம்ளருக்கு மாறிவிட்டான். கேட்டால், "கப்பு வீட்ல பத்திரமா இருக்கு," என்பான்.

சாப்பாட்டு வேளையில் ஸ்டூலில் ஏறிப் பாட்டிலை இறக்கினாள். சில்லைக் கப்பின் விளிம்பில் வைத்துப் பார்த்தாள். ஈறில் பல் மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. சில்லைத் திரும்பப் போட்டுப் பாட்டிலை மாட்டிவிட்டு, உலைக்காரர்கள் பார்வையிட வரும் நாளுக்காக இரண்டு வாரம் காத்திருந்தாள்.

அன்று காலையில் பாட்டில் பக்கத்திலேயே அரைக் கப்பைக் கட்டித் தொங்கவிட்டாள். முதலில் பார்த்தவன் சூப்பர்வைசரே. முகம் செத்துப்போனது.

"எறக்கும்மா. நாளைக்கே பெல்ட்டுக்கு வந்துடு. உன் பாட்டிலையும் எடுத்துடறேன்."

"எடுத்து என்ன பண்றது? கண்ணு போனவ தானே நானு."

"என் பொண்ணு ஆசையா குடுத்தது. அவ காதுக்குப் போச்சுன்னா மூஞ்சில முழிக்க முடியாது."

அதுவரை கொஞ்சம் இளகியிருந்தாலும் இளகியிருப்பாள். அந்தப் பேச்சு அதையும் கெடுத்தது.

"எனக்கும் பொண்ணு இருக்கு சார். எட்டு மாசமா இதுக்குக் கீழதான் வேலைக்குப் போறா."

வெளியே முதலாளியின் கார் நின்றது. அவன் பதறி ஸ்டூலைத் தேடினான். எடை மேடையருகே அவள் மகள் அந்த ஸ்டூல்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள், எழுந்திருப்பதாக இல்லை.

உலைக்காரர்களோடு உள்ளே வந்த முதலாளி அண்ணாந்து பார்த்தார். பாதி மீசையைப் பார்த்தார். பிறகு சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"ஓரத்துல அந்தச் சில்லை வெச்சுப் பாருங்க சார்," என்றாள் கழுகு. "பாத்துட்டு மறுபடி தொங்கவிட்டுடுங்க. பேர மட்டும் மாத்தி எழுதினா போதும்."