வலது மார்பில் ஒரு பை

எங்கள் தையல் கூடத்து மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘தெளிவு சார்’. எதைச் சொன்னாலும் கடைசியில் “தெளிவா?” என்று கேட்பார். அவர் பேசி முடித்த பிறகு யாருக்கும் எதுவும் தெளிந்ததில்லை என்பது வேறு விஷயம்.

போன வருடம் இரண்டு நாள் தலைமைப் பயிற்சிக்குப் போனார். தவறை ஒப்புக்கொள்பவன்தான் நல்ல தலைவன் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம். திரும்பி வந்த மறுநாளே சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, எங்களை ஒப்புக்கொள்ள வைத்தார். பெயர், தவறு, காரணம், கற்ற பாடம் என்று நாலு கட்டம். திங்கட்கிழமை காலையில், தவறு செய்தவர் எல்லார் முன்னாலும் அதில் எழுத வேண்டும். மூன்று முறை பெயர் ஏறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எல்லாரும் ஏறினோம். கொட்டாவி விட்டதற்காக வாட்ச்மேன்கூட ஏறினார். ஏறாத ஒரே ஆள் தெளிவு சார். எங்கள் சூப்பர்வைசரான லைன் அக்கா இரண்டு முறை ஏறியிருந்தாள். ஒருமுறை நூல் நிறம் மாறியதற்கு, இன்னொரு முறை பலகையைப் பார்த்துச் சிரித்ததற்கு. அவள் வீட்டுக்காரருக்கு வேலை போய் எட்டு மாதம்; மூன்றாவது முறை ஏறினால் அந்த வீட்டில் அடுப்பெரியாது.

அப்போதுதான் பள்ளிச் சட்டை ஆர்டர் வந்தது. பிளஸ் டூ பையன்கள் அளவில் அக்கா தைத்த மாதிரிச் சட்டையைத் தெளிவு சார் போட்டுக்கொண்டு, தன் அறைக் கண்ணாடி முன் நின்று தலைமுடியைக் கோதினார்.

“என்னம்மா இது, பை வலது பக்கம் இருக்கு? மாத்துங்க.”

“சார், அது கண்ணாடி சார்.”

“கண்ணாடின்னு எனக்குத் தெரியாதா? மாத்துங்க. தெளிவா?”

வெளியே வந்ததும் கட்டிங் மாஸ்டர் பெருமூச்சு விட்டார். “மாத்திடு தாயி. எதிர்த்துப் பேசினா அதுக்கும் ஒரு வரி எழுதச் சொல்வாரு.”

மாற்றினோம். வலது மார்பில் பையுடன் ஆயிரத்து இருநூறு சட்டைகள் போய், ஆயிரத்து இருநூறும் திரும்பி வந்தன.

அந்தத் திங்கட்கிழமை முதலாளியம்மாவே வந்து துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். தெளிவு சார் தொண்டையைக் கனைத்தார்.

“ஒரு தவறு நடந்துடுச்சு,” என்றார், திடீர் மழை பெய்துவிட்டதைப் போல. “தலைவன்ங்கிற முறையில நான் ரொம்ப வருத்தப்படறேன். அக்கா, நீங்க வந்து எழுதுங்க.”

அக்கா பேனாவை வாங்கினாள். பெயர் எழுதினாள். தவறு என்ற கட்டத்தில் ‘பை’ என்று எழுதினாள்.

“காரணம் என்ன சார் போடட்டும்?”

“நடந்ததை அப்படியே போடும்மா. உண்மைதான் முக்கியம்.”

அக்கா பலகைப் பக்கம் திரும்பினாள். பிறகு நிறுத்தி நிதானமாக எழுதினாள்: ‘சார் கண்ணாடியில் பார்த்துச் சொன்னதைக் கேட்டேன்.’ கற்ற பாடம்: ‘இனி கேட்க மாட்டேன்.’

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியம்மா சிரிக்கவில்லை.

“கண்ணாடியிலயா பார்த்தீங்க?”

“மேடம், பரந்த பார்வையில பார்த்தா இது ஒரு கூட்டுப் பொறுப்பு...”

“அந்தச் சட்டைய ஒண்ணு எடுத்துப் போடுங்க.”

போட்டார். பொத்தானும் மாட்டினார்.

“இப்ப பேனாவை எடுத்துப் பையில வைங்க.”

அவர் கை பழக்கத்தில் இடது மார்புக்குப் போனது. அங்கே பை இல்லை. வெறும் துணியை இரண்டு முறை தடவிப் பார்த்தார். கூடமே சத்தம் போட்டுச் சிரித்தது.

“அந்தப் பொண்ணு பேரை அழிச்சிட்டு உங்க பேரை எழுதுங்க,” என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா எழுந்து போனார்.

அழித்தார், எழுதினார். நல்ல கையெழுத்து. கற்ற பாடம் என்ற கட்டத்தின் முன் மட்டும் வெகுநேரம் நின்றார். கடைசியில் எழுதினார்: ‘கண்ணாடி தரமானதாக இல்லை.’

மறுநாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். அதனால் இப்போதெல்லாம் காலையில் அவர் அக்காவிடம்தான் கேட்கிறார்.

“காலர் நேரா இருக்காம்மா?”

“இருக்கு சார்,” என்கிறாள் அக்கா.

இருக்காது.