பதினாறு பந்தும் ஒரு கொர்ஜினும்

இடது தோள் அன்றைக்கு விடியும்போதே வேலைநிறுத்தம் செய்துவிட்டது. கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியவில்லை. சட்டையைக் கட்டில்மேல் விரித்துப்போட்டு, அதற்குள் நான் ஊர்ந்து நுழைந்தேன். பத்தொன்பது வருஷமாகத் தண்டவாளத்துக்கு அடியில் கட்டை மாற்றுகிற உடம்பு இது. முதுகும் முழங்காலும் இடுப்பும் முறைவைத்து வலிக்கும். தோள் மட்டும் முறையெல்லாம் பார்ப்பதில்லை.

கட்டை தூக்கியது மட்டும் காரணமில்லை. பந்துப் பெட்டியும் ஒரு காரணம்.

எங்கள் கும்பலில் ஆறு பேர். ஜங்ஷனுக்குப் பின்னாலிருக்கும் கருவிக் கொட்டகையில் கோலால் பந்தை அடித்துக் குழியில் தள்ளுகிற ஒரு பூல் மேஜை போட்டிருக்கிறோம். மூன்று வருஷத்துக்கு முன் ஆளுக்கொரு பங்கு போட்டு நல்ல பந்து வாங்கினோம். நம்பர் போட்ட வண்ணப் பந்து பதினைந்து, அடிக்கிற வெள்ளை ஒன்று. இந்தப் பக்கத்து ஊர்களில் ஆட்டத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மேஜை உள்ளூர்க்காரனுடையது, பந்து வெளியூர்க்காரன் கொண்டுவர வேண்டும். தோற்றவன் பின்னால் ஒன்றும் சொல்ல முடியாது பாருங்கள். அப்படி வெளியூர் போகும்போதெல்லாம் பந்தைச் சுமந்தது நான். ஆடியது மற்ற ஐந்து பேர்.

பெட்டி என்பது பழைய இரும்புக் கருவிப் பெட்டி. வெறும் பெட்டியே பந்துகளைவிடக் கனம். உள்ளே பந்துகள் ஒன்றோடொன்று முட்டி, ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு சில்லாவது பெயர்ந்துவிடும். பெயர்ந்த சில்லெல்லாம் என் கணக்கில் ஏறும். எங்கள் மேஸ்திரி சாபிர் அண்ணன் பந்தைத் தடவிப் பார்த்து, ஒன்பதுக்குப் பல் போயிருக்கிறது, பன்னிரண்டுக்குக் கன்னம் போயிருக்கிறது என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்வார். பந்தையே பத்திரமாகக் கொண்டுவரத் தெரியாதவனுக்குக் கோல் எதற்கு என்பார்.

இந்தத் தடவை நான் விடவில்லை. அடுத்த ஆட்டம் கிழங்குத் தோட்டத்து ஆட்களோடு, துய்சென் என்பவனுடைய ஊரில். சாபிர் அண்ணனிடம் நேராகவே கேட்டேன். அவர் மீசையைக் கடித்துக்கொண்டு யோசித்தார்.

"டேய் ஜப்பார், பதினாறும் ஒரு சில்லு பெயராம மேஜைக்கு வந்து சேரட்டும். முதல் ஆட்டம் உனக்கு. ஒண்ணு பெயர்ந்திருந்தாலும் நீ டீ ஊத்து."

மூன்று வருஷம் காத்திருந்த ஆட்டம். ஆகவே முதல் காரியம், பெட்டியை மாற்றுவது.

லியோன்யா, எங்கள் கும்பலின் ஒரே ரஷ்யன், தன் அக்கார்டியன் பெட்டியைக் கொண்டுவந்தான். உள்ளே சிவப்பு வெல்வெட், அழகுதான். ஆனால் நான்கு பேர் தூக்கும் சவப்பெட்டி மாதிரி இருந்தது. பதினாறு பந்தும் ஒரு மூலைக்கு உருண்டு போய், பெட்டி என்னை இழுத்துக்கொண்டு நடந்தது. முட்டை அட்டை வைத்துப் பார்த்தேன். பந்து உட்கார்ந்தது, ஆனால் வாசல்படி தாண்டுவதற்குள் அட்டை கிழிந்தது. தராஸ் நகரத்துச் சந்தையில் ஒரு கடைக்காரன் கறுப்புத் தோல் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினான். பஞ்சில் பதினாறு குழி, ஜிப், தோளில் மாட்டப் பட்டை. எனக்கு எச்சில் ஊறிவிட்டது. ஒரு பந்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், குழியில் போட்டேன். அது கிழவன் வாயில் விட்ட பல்செட் மாதிரி ஆடியது. அந்தப் பெட்டி ரஷ்ய பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் பெரிய பந்துக்குச் செய்தது. பூல் பந்துக்கு உண்டா என்றேன். அந்தச் சின்னப் பந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயேன் என்று அவன் சிரித்தான்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தபோதுதான் சுவரில் கண் போனது. என் மனைவி குல்சிம் கல்யாணத்தின்போது கொண்டுவந்த கொர்ஜின் அங்கே தொங்கியது. குதிரையின் முதுகில் குறுக்காகப் போடுகிற கம்பளிப் பை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாய். எங்களிடம் குதிரை இல்லை, ஆகவே அது சுவரில் தொங்கியது. இறக்கிப் பார்த்தேன். இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு. நல்ல தோளில் போட்டால் எட்டு மாரிலும் எட்டு முதுகிலும் கிடந்தன. நடந்தேன், குதித்தேன். தராசு மாதிரி அசையாமல் நின்றது. பதினாறு பந்துக்கென்றே நெய்தது போல.

ஒவ்வொரு பந்தையும் ஒற்றைக் கம்பளிச் சாக்ஸில் போட்டேன். ஜோடி தொலைத்த சாக்ஸுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே கிடையாது. லாரியின் குலுக்கலில் வாய் திறந்து ஒன்று உருண்டுவிட்டால் என்ன செய்வது என்று, இரண்டு வாயையும் தைத்துத் தரச் சொன்னேன். குல்சிம் மெழுகு நூலால் நெருக்கித் தைத்தாள். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு ஒன்று சொன்னாள்.

"இதத் தோள்ல போட்டுக்கிட்டு யார் வீட்டுக்குள்ளயும் போகாதீங்க. நேரா மேஜைக்குப் போங்க."

வீட்டுக்குள் போனால் ஊற்றிக்கொடுப்பார்கள், நான் குடிப்பேன் என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். சரி சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு லாரி எங்களைத் துய்சென் வீட்டு வாசலில் இறக்கியது. துய்சென் பெரிய உடம்புக்காரன், பெரிய சிரிப்புக்காரன். மேஜை டிராக்டர் கொட்டகையில் இருக்கிறது, பன்னிரண்டுக்கு ஆட்டம், அதற்கு முன் ஒரு வாய் தேநீர் குடிக்காமல் போனால் இந்த ஊரில் என் முகம் என்னாவது என்றான். வந்த விருந்தாளி மாட்டேன் என்று சொல்ல முடியுமா. எனக்குப் பசி வேறு. வாசலிலேயே பவுர்சாக் மாவு உருண்டை பொரிகிற வாசனை அடித்தது.

நுழையும்போது ஒரு பெண் எதிரே வந்தாள். உல்பாலா, துய்செனின் அண்ணன் மனைவி. ஐம்பதைத் தொட்டவள், அந்தத் தெருவுக்கே அவள்தான் சட்டம் என்பது பிறகுதான் தெரிந்தது. என் தோளைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "குடுங்க சம்பந்தி" என்று கொர்ஜினை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டாள். தோள் வலிக்கிறவனிடமிருந்து ஒருத்தி சுமையை வாங்கினால் எந்த ஆம்பிளை ஏன் என்று கேட்பான்? இந்த ஊரில் விருந்தாளியைச் சம்பந்தி என்றுதான் கூப்பிடுவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

துய்செனுக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள். ஜங்ஷன் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அந்த வாரத்துக்குள் வருவதாக இருந்தார்கள். இது எனக்குத் தெரியாது. சம்பந்தி கொண்டுவரும் கொர்ஜின் எப்போதும் வாய் தைத்துத்தான் வரும். அது எனக்குத் தெரியும், எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது. பெண் வீட்டுப் பெண்கள் அதைத் தனியே எடுத்துப்போய், தையல் பிரித்து, உள்ளே இருப்பதைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பங்கு வீட்டுக்குப் போனபின் திரும்பி வருகிற வழக்கம் இல்லை. இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். ஆனால் என் புத்தியில் அது பந்துப் பை. பந்துப் பைக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?

மூன்றாவது கிண்ணம் தேநீரில் சாபிர் அண்ணன் பந்தை எடு, சில்லைப் பார்ப்போம் என்றார். நான் துய்செனிடம் பையைக் கேட்டேன். துய்சென் உல்பாலாவைக் கூப்பிட்டான். அவள் வாசலில் நின்று, பங்கு போட்டாகிவிட்டது, எல்லாரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்கள் என்றாள். கொஞ்சம் தயங்கி, பட்டணத்துச் சம்பந்திகள் இப்போது துணிமணி வைப்பதில்லை போலிருக்கிறது என்றும் சொன்னாள்.

 லியோன்யா வாயிலிருந்த பவுர்சாக்கை மெல்லாமல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

பெண்களும் குழம்பித்தான் போயிருக்கிறார்கள். சாக்ஸ் ஒற்றையாக இருந்ததில் ஒருத்திக்கு வருத்தம். நம்பர் போட்டிருந்ததால் குலுக்கல் பரிசு என்று ஒருத்தி. வெள்ளைப் பந்தை எங்கள் பக்கத்தில் காயவைத்துத் தின்கிற தயிர் உருண்டை என்று நினைத்து, இவ்வளவு பெரியதைக் காயவைக்க எத்தனை நாள் ஆகும் என்று ஒருத்தி நக்கியே பார்த்துவிட்டாள். உல்பாலாதான் தீர்ப்புச் சொன்னாளாம், கொர்ஜினில் வந்தது எதுவானாலும் பங்கு பங்குதான் என்று. தெருவில் பத்து வீடு, பதினாறு பந்து.

துய்சென் விழுந்து விழுந்து சிரித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சாபிர் அண்ணன் சிரிக்கவில்லை. பன்னிரண்டுக்குப் பந்து மேஜையில் இல்லையென்றால் ஆடாமலே தோற்றதாக அர்த்தம், மூன்று வருஷம் கேட்டு வாங்கின ஆட்டத்தை மூன்று கிண்ணத்தில் குடித்துத் தீர்த்துவிட்டாய் என்றார். துய்சென்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது எங்கள் வீட்டுப் பெண்கள் செய்தது, மணி பன்னிரண்டு என்பதைப் பந்து வந்து சேரும் நேரம் என்று வைத்துக்கொள்வோம் என்று விட்டுக்கொடுத்தான்.

ஆறு பேரும் தெருவில் இறங்கினோம்.

முதல் வீட்டுக்காரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நடந்ததைச் சொன்னேன். பாவமாகத்தான் கேட்டாள். ஆனாலும் பங்கு பங்குதான், சும்மா திருப்பிக் கொடுத்தால் கல்யாணத்துக்கு ஆகாது, பதிலுக்கு ஒன்று வையுங்கள் என்றாள். எங்களிடம் என்ன இருக்கிறது? மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த மீன் டப்பா இரண்டைக் கொடுத்தோம். மூன்றும் ஐந்தும் வந்தன. அடுத்தவளுக்கு லியோன்யாவின் தொப்பி பிடித்துப்போனது. அதற்கடுத்தவள் எங்கள் கைகளைப் பார்த்தாள். வாயிற்கதவு ஒருபக்கம் தொங்குகிறது, போன வருஷத்திலிருந்து புருஷன் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்கிறான் என்றாள்.

அது எங்களுக்குத் தெரிந்த பாஷை. ரயில் தண்டவாளத்தையே நிமிர்த்துகிறவர்களுக்குக் கதவுத்தூண் எம்மாத்திரம். தூணைப் பிடுங்கி, குழி தோண்டி, கல் இடித்து, நிறுத்திவிட்டோம். ஒன்பது வந்தது, கூடவே ஏழும். அதைப் பார்த்துவிட்டுத் தெரு முழுக்க வேலை முளைத்தது. ஒரு வீட்டில் ஒன்றரை டன் நிலக்கரியைக் கொட்டகைக்கு மாற்றினோம். ஒரு வீட்டில் அடுப்புக் குழாய். ஒருத்தி தன் அலமாரியை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்தச் சொல்லி, பார்த்துவிட்டு, பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னாள். சாபிர் அண்ணன் அப்போது சொன்ன வார்த்தையை நான் எழுதப்போவதில்லை.

மூன்று மணிக்குப் பதினைந்து பந்து சேர்ந்தது. வெள்ளை உல்பாலாவிடம்.

அவளிடம் எந்த வேலையும் செல்லவில்லை. கதவு நேராக இருக்கிறது, கரி அடுக்கியாகிவிட்டது, அலமாரி அதனிடத்தில் இருக்கிறது என்றாள். வெள்ளை வந்தது வீட்டுக்கு நல்லது, அதை விடுவதாக இல்லை என்றாள். வண்ணப் பந்து பதினைந்தையும் வைத்துக்கொண்டு, அடிக்க வெள்ளை இல்லாமல் கோலால் தலையைத்தான் சொறிய வேண்டும். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா, என் ஆட்டம், மூன்று வருஷம், என்று அவ்வளவுதான் வாயில் வந்தது.

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள்.

"சம்பந்தி கொர்ஜின்ல எனக்கு வெள்ளைத் தலைத்துணி வரும்னு இருந்தேன். ஊர் பூரா சொல்லியும் வச்சிருந்தேன் தம்பி."

பட்டுத்துணியா என்று கேட்டேன். விளிம்பில் வேலை செய்தது என்றாள். வாக்குக் கொடுத்தேன். பந்து கைக்கு வந்தது.

டிராக்டர் கொட்டகையில் சாபிர் அண்ணன் பதினாறையும் மேஜைமேல் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகத் தடவினார். பத்து வீடு ஏறி இறங்கிய பந்துகள்.  புதுச் சில்லு ஒன்றுகூட இல்லை. அவர் இரண்டாவது தடவையும் தடவினார்.

"பேச்சு மேஜைக்கு வந்து சேரணும்ங்கறதுதானே அண்ணே," என்றேன். "எந்த வழியா வரணும்னு நீங்க சொல்லலியே."

அவர் கோலை என் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

துய்செனும் நானும். எனக்குக் கோடு போட்ட பந்து ஏழு, அவனுக்கு முழு வண்ணம் ஏழு, தன் ஏழையும் முடித்துக் கறுப்பு எட்டைப் போடுகிறவனுக்கு வெற்றி. அதுவரை அந்தக் கொட்டகைக்குள் காலே வைக்காத பெண்கள் பத்துப் பேரும் வந்து சுவரோரமாக நின்றார்கள், தங்கள் தங்கள் நம்பர் என்ன ஆகிறதென்று பார்க்க. பதினொன்று குழியில் விழுந்ததும் பதினொன்றுக்காரி கைதட்டினாள். துய்சென் நாலைக் குழியின் வாயில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு விழவைக்க முடியாமல் நிற்க, நாலுக்காரி அவனை வீட்டுப் பெயர் சொல்லித் திட்டினாள். நான் ஒவ்வொரு தடவை வெள்ளையை அடிக்கும்போதும் உல்பாலா கண்ணைச் சுருக்கினாள்.

"மெதுவா தம்பி. அது என்னோடது."

மெதுவாகவே அடித்தேன். கை தூக்க முடியாதவனால் வேகமாக அடிக்கவும் முடியாது. அந்த நிதானத்தில் ஏழும் விழுந்தன. கடைசியில் கறுப்பு எட்டு, பக்கத்துக் குழியில், சத்தமே இல்லாமல். வெள்ளை உருண்டு போய் விளிம்பில் முட்டி நின்றது. உல்பாலாதான் முதலில் மூச்சு விட்டாள்.

மிச்ச நான்கு ஆட்டத்தையும் எங்கள் ஆட்கள் தோற்றார்கள். நிலக்கரி அள்ளிய கை நடுங்குகிறது என்று சாபிர் அண்ணன் சொன்னார். நான் டீ ஊற்றினேன்.

இது போன இலையுதிர் காலத்தில் நடந்தது. உண்மையான சம்பந்திகள் மறு வியாழக்கிழமை வந்தார்கள், கல்யாணமும் ஆகிவிட்டது. அவர்கள் கொர்ஜினில் உல்பாலாவுக்கு வந்தது பூப்போட்ட நீலத் துணி என்று கேள்வி. விளிம்பில் வேலை செய்த வெள்ளைப் பட்டுத் தலைத்துணி ஒன்று அவளுக்கு நான் தர வேண்டும். இன்னும் தரவில்லை.