பீங்கான் தரை

சுகிர்தபாய் சொந்த வீட்டில் குடியேறியபோது அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. அதுவரை மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸாக, ஆஸ்பத்திரிக்குப் பின்னால், டெட்டால் வாடை மாறாத ஒற்றை அறையிலேயே அவள் காலம் கழிந்திருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ள நேரமிருக்கவில்லை என்பாள். பாறசாலையைச் சுற்றி எந்த வீட்டில் பெண்ணுக்கு வலி கண்டாலும் முதலில் ஆள் ஓடுவது அவளைத் தேடித்தான். தமிழ் பேசுகிற வீடு, மலையாளம் பேசுகிற வீடு, வேதக்கார வீடு, இந்து வீடு என்று எதையும் பாராமல், தோளில் ஒரு பையும் கையில் ஒரு குடையுமாகப் போய்விடுவாள்.

அவளுடைய அக்காள் மகள் புஷ்பபாய் பாறசாலையில் மிஷன் பள்ளிக்கூட வாத்திச்சி. சித்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் புஷ்பபாய்க்கு நிறுத்தத் தெரியாது. குன்னத்துகாலில் சித்தி இடம் வாங்கியதையும், கல் இறக்கியதையும், மேலே ஓடு ஏற்றியதையும் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியாயிற்று. ஒரு பொம்பளை தன் உழைப்பில், தன் பெயரில் கட்டிய வீடு அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு எங்கே உண்டு?

தரை மட்டும் சித்தியுடையது அல்ல. அது புஷ்பபாயின் அண்ணன் ஈசாக்கு கொடுத்தது. நெய்யாற்றின்கரையில் மரக்கடை வைத்திருந்த ஈசாக்கு, திருவனந்தபுரத்தில் பழைய பங்களா ஒன்றைப் பிரித்த இடத்திலிருந்து பெட்டி பிரிக்காத பீங்கான் டைல்களைக் கொண்டுவந்தான். பால் போன்ற வெள்ளையில் நீலப் பூ. முன்னறை முழுவதும் அதையே பதிக்கச் சொன்னான். வீடு பிரதிஷ்டைக்கு வந்தவர்கள் செருப்பை முற்றத்திலேயே விட்டுவிட்டு, மிதிக்கலாமா கூடாதா என்ற யோசனையோடு உள்ளே வந்தார்கள். தரையில் ஓட்டுச் சாய்ப்பின் நிழல்கூடத் தெரிந்தது. ஈசாக்கு அன்று முழுவதும் மீசையைத் தடவிக்கொண்டே நின்றான்.

அது ஐம்பத்து நாலாம் வருஷம். பிரதிஷ்டை முடிந்து மழை பிடித்ததும் ஊர் நிலவரமும் கெட்டது. திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்த தெற்குத் தாலுகாக்களைப் பிரித்துச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் சூடு பிடித்தது. ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. பஸ் நின்றது, லாரி நின்றது, பள்ளிக்கூடம் பூட்டினார்கள். புஷ்பபாயின் கணவன் சத்தியதாஸ் ஊர்வலத்தில் முன்வரிசையில் போனவன். அவனைப் பிடித்து நெய்யாற்றின்கரையில் அடைத்துவிட்டார்கள். ஈசாக்குக்கு வியாபாரமெல்லாம் திருவனந்தபுரத்தோடு. ஊரைப் பிரிக்கிற காரியமே அவனுக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லி அண்ணனும் தங்கையும் வாய்த்தகராறு ஆகி, பேச்சுவார்த்தை நின்றிருந்தது.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் புஷ்பபாய் சித்தியைப் பார்க்கக் குன்னத்துகாலுக்கு நடந்தே போனாள். வாசலில் ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள். முன்னறையில் வெள்ளைத் தரையைக் காணவில்லை. வாசலிலிருந்து அடுக்களை வரைக்கும் கோணிச்சாக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக விரித்து, வரப்பு மாதிரி ஒரு பாதை போட்டிருந்தது. அந்தச் சாக்குகளின் மேல், சுவரைப் பிடித்துக்கொண்டு, அடி அடியாக வைத்து நடந்து வந்தாள் சுகிர்தபாய். இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

கிணற்றடியில் இடித்துக்கொண்டேன் என்று முதலில் சொன்னாள். புஷ்பபாய் விடவில்லை. அதன்பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மழை தொடங்கியதும் பீங்கான் வேர்க்கிறது. காலை வைத்தால் எண்ணெயில் வைத்தது மாதிரி போகிறது. ஒருமுறை அல்ல, மூன்றுமுறை விழுந்திருக்கிறாள். ஏற்கெனவே மாட்டுவண்டியிலிருந்து விழுந்து சரியாக மடங்காத முழங்கால் வேறு. இப்போது அவள் முன்னறைக்கு வருவதே இல்லை; படுக்கை, சாப்பாடு, ஜெபம் எல்லாம் அடுக்களையில்.

முப்பது வருஷம் ஓடையும் வரப்பும் தாண்டி விழாமல் நடந்தவள் தன் வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பதைப் பார்க்கப் புஷ்பபாய்க்குப் பொறுக்கவில்லை. இந்தத் தரையைப் பெயர்த்து இளக்கிப் போடலாம் என்றாள்.

"வேண்டாம் மக்கா," என்றாள் சுகிர்தபாய். "ஆசையா கொண்டு வந்து போட்டவனாக்கும். அவனுக்க முகம் வாடப்பிடாது."

புஷ்பபாய் சாக்குகளை நேராக இழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். மறுநாள் விடிந்ததும் நெய்யாற்றின்கரைக்கு நடந்தாள். வழியில் இரண்டு இடத்தில் போலீஸ் நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்டது. அண்ணன் வீட்டுக்கு என்றாள். அந்தப் படியை மிதித்து எத்தனை மாதமாயிற்று.

ஈசாக்கு மரக்கடையில் இருந்தான். தங்கை நடந்து வந்த களைப்பைப் பார்த்து மோர் கொண்டுவரச் சொன்னான். ஆனால் விஷயத்தைக் கேட்டதும் முகம் இறுகிவிட்டது. அப்படி ஒரு டைல் திவானுடைய வீட்டில்கூட இருந்திருக்காது என்றான். பழகினால் சரியாகிவிடும், சித்தியே ஒன்றும் சொல்லவில்லையே, நீ யார் சொல்ல என்றான். புஷ்பபாய் சாக்குப் பாதையைப் பற்றிச் சொன்னாள். அவன் காதில் வாங்கவில்லை.

"உனக்க மாப்பிள ஊரை வெட்டி முறிக்கப் போனான். நீ வீட்டுத் தரைய இளக்க வந்திருக்க," என்றான். "அந்தத் தரைய தொட்டா நான் பின்ன அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்."

மோரைக் குடிக்காமல் அவள் எழுந்தாள்.

குன்னத்துகாலுக்குத் திரும்பி வந்து, நடந்ததை ஒளிக்காமல் சித்தியிடம் சொன்னாள். சுகிர்தபாய் வாயைத் திறப்பதற்குள் முற்றத்தில் ஆள் சத்தம் கேட்டது.

கிருஷ்ணம்மாவை நார்க்கட்டிலில் போட்டுத் தூக்கி வந்திருந்தார்கள். கருணாகரன் என்கிற சின்ன மளிகைக்காரனுடைய மனைவி, இது தலைப்பிள்ளை. காலையிலேயே வலி கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று புறப்பட்டிருக்கிறார்கள். ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்ததாம். அதைச் சுற்றிப் போனால் போலீஸ், அதற்கப்புறம் வண்டி இல்லை. வேறு வழியில்லாமல் நர்ஸம்மா வீட்டுக்கே திருப்பிவிட்டார்கள். கருணாகரன் அழாத குறையாக மலையாளத்தில் என்னவோ சொல்லிக்கொண்டே கட்டிலின் முன்காலைப் பிடித்து உள்ளே வந்தான். சாக்கு விலகிய இடத்தில் அவன் கால் பட்டது. ஒரே இழுப்பில் அவன் கீழே, கட்டில் சரிந்து கிருஷ்ணம்மா பாதி வெளியே. புஷ்பபாய் பாய்ந்து தோளைக் கொடுத்துத் தாங்கியிராவிட்டால் அந்த வயிறு தரையில் மோதியிருக்கும்.

சுகிர்தபாயின் முகம் மாறியதைப் புஷ்பபாய் அப்போது பார்த்தாள். பயமல்ல அது. ஆஸ்பத்திரியில் கழுவாத கத்தரிக்கோலை யாராவது நீட்டினால் வருகிற முகம்.

அடுக்களையில் பாய் விரித்து, அங்கேதான் பிரசவம் நடந்தது. புஷ்பபாய் வெந்நீர் போட்டாள், விளக்கைப் பிடித்தாள், சொன்னதைச் செய்தாள். கரியும் புகையும் பிடித்த சுவருக்குப் பக்கத்தில் வேலை செய்ய நேர்ந்ததை நினைத்து சுகிர்தபாய் இடையிடையே முனகிக்கொண்டே இருந்தாள். சாயங்காலத்துக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது. அழுத அழுகையில் முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

கையைக் கழுவிக்கொண்டே சுகிர்தபாய் சொன்னாள். "நாளைக்கு வேலாயுதன வரச்சொல்லு. தரைய இளக்கணும்."

"அண்ணன் பின்ன வரமாட்டேன்னு சொல்லியிருக்காவ சித்தி."

"அவன் பொறக்கச்செல காலு முன்னால வந்தவனாக்கும். அவன திருப்பி எடுத்தது நான். இப்பவும் எடுப்பேன்." துண்டில் கையைத் துடைத்தாள். "இது எனக்க வீடு. பெண்ணுவ வந்து விழப்பட்ட வீடா இது இருக்கப்பிடாது."

கொத்தன் வேலாயுதன் காட்டாக்கடைப் பக்கத்துக்காரன். மலையாளி. அந்தச் சமயம் ஒரு பக்கத்து ஆள் மறுபக்கத்து வீட்டுக்கு வேலைக்குப் போனால் இரண்டு பக்கமும் முறைக்கும். அவனுடைய கூட்டாளிகள் வரவில்லை. நர்ஸம்மா கூப்பிட்டால் வராமல் முடியாது, என் பிள்ளைகள் நான்கும் அவர்கள் கையில் விழுந்ததுதானே என்று சொல்லிக்கொண்டு அவன் மட்டும் உளியோடு வந்து சேர்ந்தான். சித்தாள் இல்லையே என்று தயங்கினான். வாத்திச்சி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சாந்துச் சட்டியை எடுத்ததும் அவன் உளியைத் தரையில் வைத்தான்.

சுண்ணாம்புச் சாந்தில் பதித்து நாலு மாதம்தான் ஆகியிருந்ததால் டைல்கள் அதிகம் மல்லுக்கட்டவில்லை. ஓரத்தில் உளியை வைத்து மெல்லத் தட்டினால் பெயர்ந்து வந்தன. உடையாமல் எடுக்க வேண்டும் என்று சுகிர்தபாய் கண்டித்துச் சொல்லியிருந்தாள். எதற்கு என்று கேட்டபோதும் அதையே திருப்பிச் சொன்னாள். புஷ்பபாய் ஒவ்வொன்றாக எடுத்து, காய்ந்த சாந்தைச் சுரண்டி, கழுவி அடுக்கினாள். கருணாகரன் கடையைப் பூட்டிவிட்டு வந்து தண்ணீர் சுமந்தான். சிமென்ட் கிடைக்கிற வழி இல்லை. அவனே தெரிந்த ஒருவனுடைய மாட்டுவண்டியை உள்வழியாக ஓட்டிப்போய், காட்டாக்கடையிலிருந்து வைக்கோலுக்கு அடியில் மூட்டைகளை வைத்துக் கொண்டுவந்தான்.

புதுத் தரை சாதாரணச் சிமென்ட் தரைதான். ஈரம் காயும் முன் வேலாயுதனும் புஷ்பபாயும் ஆளுக்கொரு முனையாகக் கயிற்றைப் பிடித்து, அழுத்தி எடுத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டார்கள். கால் பிடித்து நிற்க அந்தக் கோடு போதும். புஷ்பபாயின் உள்ளங்கை இரண்டும் வெந்துபோயிருந்தன. இடுப்பு நிமிரவில்லை. ஆனாலும் தரையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அலுக்கவில்லை. இத்தனை வருஷம் பலகையில் எழுதி அழித்தவள் அவள். அழியாத ஒன்றை அவள் கை செய்தது இதுதான் முதல் தடவை.

தரை காய்ந்ததும் சுகிர்தபாய் வேலாயுதனை முன்னறையைத் தாண்டித்தான் போக வேண்டிய, அதுவரை சும்மா கிடந்த பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுவரைக் காட்டினாள். கீழேயிருந்து தன் தோள் உயரம் வரை, நாலு பக்கமும், அந்த டைலைப் பதிக்க வேண்டும் என்றாள்.

"ஒரு துணி நனைச்சு தொடச்சா ரத்தமும் போவும், கிருமியும் போவும். இனி பெண்ணுவ என் அடுக்களையில பெறாண்டாம். ரோடு அடச்சாலும் தொறந்தாலும் இந்த அறை தொறந்து கெடக்கும்."

அப்போதுதான் புஷ்பபாய்க்குப் புரிந்தது. சித்தியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. கை முழுக்கச் சாந்து.

மூன்று சுவர் முடிந்து நாலாவதில் பாதிக்கு வந்தபோது டைல் தீர்ந்துவிட்டது. அதற்குள் தரையை இளக்கிய செய்தி நெய்யாற்றின்கரைக்கு எட்டியிருந்தது. ஒரு மத்தியானம் ஈசாக்கு சைக்கிளில் வந்து இறங்கினான். படி ஏறமாட்டேன் என்று சொன்னவன், முகம் சிவக்க இரண்டு இரண்டு படியாக ஏறினான். முன்னறையில் சிமென்ட் தரையைப் பார்த்ததும் குரலை உயர்த்தினான். தான் கொடுத்ததை எந்தக் குப்பையில் கொட்டினீர்கள் என்று கேட்டான். புஷ்பபாய் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"ஈசாக்கே," என்று பக்கத்து அறையிலிருந்து சுகிர்தபாயின் குரல் வந்தது. "செருப்ப கழற்றி, கைய சோப்பு போட்டு கழுவீட்டு உள்ள வா. சத்தம் வேண்டாம். பிள்ள உறங்குது."

அவன் தயங்கினான். பிறகு போய்க் கையைக் கழுவினான்.

உள்ளே கிருஷ்ணம்மா குழந்தையைக் காட்டிப் போக வந்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் மூன்று பக்கத்து வெள்ளைச் சுவரிலும் பட்டு அறையே விரிந்தாற்போல் இருந்தது. நீலப் பூக்கள் தரையில் கிடந்தபோது யாரும் உற்றுப் பார்த்ததில்லை. இப்போது கண்ணுக்கு நேரே இருந்தன. ஈசாக்கு நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தான். சுவரில் கையை வைத்தான். எடுத்தான். திரும்பவும் வைத்தான்.

தரைக்கு இது ஆகாது, எனக்கு மூன்றுமுறை அடிபட்டது, உன்னிடம் சொல்லப் பயந்தது என் தப்பு என்று சுகிர்தபாய் அவனிடம் நேராகச் சொன்னாள். ஆனால் இந்த ஜில்லாவில் இப்படி ஒரு பேறுகால அறை எந்த வீட்டிலும் கிடையாது, அதைத் தந்தது நீ என்றும் சொன்னாள்.

சித்தியின் மணிக்கட்டில் இன்னும் வீக்கம் வடியாத இடத்தை அவன் பார்த்தான். பிறகு கேட்டான்:

"நாலாவது சுவரு என்ன பாதியில நிக்குது?"

டைல் காணாது, தீர்ந்துபோச்சு என்றாள் புஷ்பபாய். பிணக்குக்குப் பின் அவள் அவனிடம் கோபமில்லாமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

கடையில் இன்னும் ஒரு பெட்டி கிடப்பதாகச் சொன்னான். லாரி ஓடவில்லை என்று அவளுக்கும் தெரியும். மறுநாள் அவனே சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டி, ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தான். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலாயுதனுக்கு டைல் எடுத்துக் கொடுத்தான். சாந்து குழைத்தது புஷ்பபாய். வேலைக்கு நடுவில், சத்தியதாஸைப் பார்க்க லாக்கப்புக்குச் சோறு கொண்டுபோனேன், நல்லா இருக்கான் என்று சுவரைப் பார்த்தபடியே சொன்னான். அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சத்தியதாஸ் கார்த்திகையில் வெளியே வந்தான். இரண்டு வருஷம் கழித்து எல்லை போட்டபோது நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அவனுக்கு அது ஆறாத வருத்தம். ஈசாக்கு அதைப் பற்றி அவனிடம் ஒருநாளும் பேசவில்லை. குன்னத்துகாலுக்குக் கொஞ்ச தூரத்தில் கோடு விழுந்தது. அந்தப் பக்கத்துப் பெண்களும் இந்தப் பக்கத்துப் பெண்களும் சுகிர்தபாயின் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவள் முன்னறையில் எதையும் பிடிக்காமல் வேகவேகமாக நடந்தாள்.

ஒருநாள் காட்டாக்கடைச் சந்தையில் புஷ்பபாய் மரச்சீனிக் கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த கடையில் ஈசாக்கு நின்று யாரோ ஒரு வியாபாரியிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"எனக்க சித்தி வீட்டுல வந்து பாரும். சுவரு முழுக்க பீங்கானாக்கும். பெரிய ஆஸ்பத்திரியில கூட கெடையாது. யோசனை ஆருக்கதுன்னு நெனைக்கேரு?"

யாருடையது என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் தங்கையைப் பார்த்துவிட்டான். புஷ்பபாய் கிழங்கைப் பையில் போட்டபடி, அந்த வியாபாரியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"உள்ளதாக்கும். வந்து பாருங்க," என்றாள். "தரையையும் பாருங்க. அது நான் போட்டது."